உடையாத துண்டு

போன கிழமை எனது ஸ்கூட்டருக்குக் காப்புறுதி புதுப்பிக்கப் போயிருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி. ஏசி போட்ட, ஜன்னல் திறக்காத அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கணினியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தவள் தலை நிமிராமலே, "அக்கா, வாகனத்தில மொடிபிகேஷன் ஏதும் செய்திருக்கிறீங்களோ? இல்லை எண்டு போடட்டா?" என்று கேட்டாள்.

"செய்தால் என்ன? செய்த ஆக்களெல்லாம் கொலைகாரரோ?" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தார். அந்தப் பிள்ளை பயந்துபோய், "இல்லையக்கா, போர்மில கேட்டிருக்கு, அதுதான்..." என்றாள். மன்னிப்புக் கேட்டேன். இல்லை என்றே போடச் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். 

எனக்குக் கோபம் வருவது புதிதல்ல. அரிசியில் கல் கடிபட்டால்கூட அரைமணித்தியாலம் பேசுவேன் என்று அம்மா சொல்வார்; உண்மைதான். ஆனால் இது வேறு கோபம். இதற்கு உரியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி நான். மற்றவர்கள் இதை வாசிக்கப் போவதில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

சாமான் இறக்குமதியெல்லாம் நிறுத்தியிருந்தார்களே, அந்தக் காலத்தில் நான் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கடைகளின் பெயரைச் சிங்களம், தமிழ், இங்கிலிஷ் என்று கணினியில் வரைந்து லேசர் மெஷினுக்கு அனுப்புவேன். அது அக்ரிலிக் தகட்டில் எழுத்து எழுத்தாக வெட்டித் தள்ளும். அக்ரிலிக் எரிகிற மணம் தெரியுமா உங்களுக்கு? பழரசம் மாதிரி இனிப்பாகத் தொடங்கித் தொண்டையில் கசப்பாக முடியும். உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும். இன்றைக்கும் எங்காவது அந்த மணம் பட்டால் எனக்கு எழுத்துகள் ஞாபகம் வருவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சில்லுதான் ஞாபகம் வருகிறது.

அது அண்ணாவின் மோட்டார் சைக்கிள். அண்ணா கணித மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் அல்ல, ரியூஷனில். காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு, பின்னேரம் வெள்ளவத்தையில் இரண்டு, சனி ஞாயிறு என்றால் கணக்கில்லை. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் கொழும்பின் முழு நெரிசலும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் இல்லாமல் அண்ணாவுக்குத் தொழில் இல்லை. எட்டு வருடம் ஓடிய இந்தியச் சைக்கிள் அது. ஒருநாள் முன் பிரேக் பிடித்தால் விடவில்லை. விட்டால் பிடிக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முன்சில்லோடு சேர்ந்து ஒரு வட்டத் தகடு சுழலும், அது டிஸ்க். பிரேக் பிடித்ததும் அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கவ்விதான் கலிப்பர். அண்ணாவின் கலிப்பர் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. ஏஜென்டிடம் போனால் "ஸ்டொக் நே", சரக்கு இல்லை என்றார்கள். அடுத்த கடையிலும் "ஸ்டொக் நே". பால்மாவுக்கும் அதே பதில், காஸுக்கும் அதே பதில். கொலன்னாவைக் களஞ்சியத்துக்குப் பெற்றோல் வந்து சேர்ந்துவிட்டதாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பாதி ஊர் வரிசைக்கு ஓடிய நாட்கள் அவை.

அண்ணா இரண்டு கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்தான். பஸ்ஸும் ஓடவில்லை. கடைசியில் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில் ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றின் கலிப்பரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். நல்ல சாமான், பழையதைவிடப் பலமானது. ஒரேயொரு பிரச்சினை, பொருந்தாது. கலிப்பரைப் பூட்டுகிற இரண்டு துளையும் ஒரு அளவில், சைக்கிளின் முன்சில்லைத் தாங்குகிற முன்காலில் இருக்கிற துளைகள் இன்னொரு அளவில். இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு தகடு வேண்டும். அடப்டர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'துண்டு' என்றுதான் பெயர்.

அண்ணா மேசையில் கடதாசியை விரித்து வட்டம் கீறினான். டிஸ்க்கின் ஆரை, துளைகளின் தூரம், கோணம் எல்லாம் எழுதினான். பிஸ்கட் பெட்டி மட்டையில் முதல் துண்டை நான் வெட்டினேன். அடுத்தநாள் வேலையிடத்தில் கழிவாகக் கிடந்த சிவப்பு அக்ரிலிக்கில் லேசரால் வெட்டினேன். ஒரு மருந்துக்கடைப் பெயரின் மிச்சம் அது. முதலாளிக்குச் சொல்லவில்லை. முதல் துண்டில் கவ்வி டிஸ்க்கை விட்டு வெளியே போனது. இரண்டாவதில் சில்லு சுற்றவில்லை. நாலாவது துண்டில் அண்ணா, "உன்ட மெஷின் பிழை" என்றான். "உங்கட கணக்குப் பிழை" என்றேன். கணக்குத்தான் பிழை, சைனையும் கோசைனையும் மாற்றிப் போட்டிருந்தான். கணித மாஸ்டர்! அதை நான் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆறாவது துண்டு பொருந்தியது.

ஆனால் அக்ரிலிக்கில் பிரேக் பிடிக்க முடியாது. உலோகத்தில் செய்ய ஆள் வேண்டும். அப்படித்தான் தேவராஜ் வந்தார்.

தேவராஜுக்கு அண்ணாவின் வயதுதான், முப்பத்தைந்து இருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் அச்சகங்கள் இருக்கிற ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு ஒரு அறை, அறை நிறைய ஒரு மில்லிங் மெஷின். கலியாணக் கார்ட் அடிக்கிற மெஷின்களின் உடைந்த பாகங்களைச் செய்து கொடுப்பார். அந்த ஒழுங்கைக்குள் நுழைந்ததுமே அச்சு மையின் மணமும், மெஷினுக்கு ஊற்றுகிற பால் மாதிரியான எண்ணெய்த் தண்ணீரின் புளித்த மணமும் ஒன்றாக வரும். அண்ணாவின் மாணவன் ஒருவனின் தகப்பன் அச்சகம் வைத்திருந்தார். அவர் சொல்லித்தான் போனோம்.

சிவப்புத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் தேவராஜ். "இத யாருங்க வரைஞ்சது?"

"நான்தான்."

"அளவெல்லாம் சரியா இருக்கு மிஸ். ஆனா இந்த உள்மூலைய இவ்வளவு கூர்மையா விட்டீங்கன்னா அங்கதான் மொதல்ல வெடிக்கும். உருட்டிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. எழுத்து வெட்டுகிறவளுக்கு மூலை கூராக இருந்தால்தான் அழகு. ஆனால் அவர் சொன்னது சரி. பிறகு அலுமினியம் தேடினார். அறையில் இருந்த ஒரு கட்டியை அண்ணா காட்ட, "இது வார்ப்பு சேர். பிரேக்குக்கு ஆகாது, பொட்டுனு போயிரும்" என்று ஒதுக்கினார். நாலு நாள் கழித்து மாளிகாவத்தையில் இருந்து உருட்டிய தகடு ஒன்று வாங்கிவந்தார். போல்ட்டின் தலையில் பொறித்திருந்த இலக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் எடுத்தார். இலக்கமில்லாத போல்ட்டைக் கையால்கூடத் தொடவில்லை. துளை போடும்போது கதைக்கக் கூடாது என்றார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். எங்கள் வீட்டார் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் துண்டின் உட்பக்கத்தில் ஒரு எழுத்தைத் தட்டிப் பொறித்தார்: D. தான் செய்த எல்லாவற்றிலும் அதைப் போடுவாராம். "பின்னாடி ஏதும் கோளாறுன்னா என்கிட்ட வரணுமில்ல."

பூட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணா ஏற ஆயத்தமானான். தேவராஜ் சாவியை வாங்கிக்கொண்டார். "நான் செஞ்சது சேர். மொதல்ல நான் ஓட்டுறேன்." அந்த ஒழுங்கையில் போனார், வந்தார். மெதுவாகப் பிடித்தார், பிறகு வேகமாக வந்து பிடித்தார். பின்சில்லு நிலத்தை விட்டு ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது. அச்சகத்து ஆட்கள் கைதட்டினார்கள். போல்ட்களைத் திரும்ப இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை அண்ணாவிடம் கொடுத்தார். அன்றைக்கு மூவரும் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு அண்ணா அங்கே போவான். துண்டைப் பார்க்க என்று சாட்டு. நானும் தொற்றிக்கொண்டு போவேன். துண்டைப் பார்க்க இரண்டு நிமிடம், கதைக்க இரண்டு மணித்தியாலம்.

சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பின்னேரம் நான் ஒரு காரியம் செய்தேன். துண்டு கொஞ்சம் மங்கலாக இருந்தது. நான் வரைந்தது அல்லவா? மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மினுக்கினேன். கறுப்புப் பெயின்ட் அடிக்கலாம் என்று அண்ணா சொன்னான். நான் விடவில்லை.

ஏழு மாதம் ஓடியது. ஒரு குறையும் இல்லை. அண்ணா போகிற இடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தான். சித்தப்பா ஒருவர் குனிந்து பார்த்து, "மூளையெண்டால் இதுதான்" என்றார். அவரை நான் மறக்கவில்லை, பின்னால் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. அண்ணா மரைன் டிரைவ் வழியாகக் கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒழுங்கையொன்றிலிருந்து உயரமான கறுப்பு வாகனம் ஒன்று நிற்காமல் வெளியே வந்து கடல் பக்கமாகத் திரும்பியது. அண்ணா பிரேக் பிடித்தான். வேகம் குறைந்துதான் போய் மோதினான். குறையாமல் போயிருந்தால் இன்றைக்கு அண்ணா இல்லை. வாகனத்தின் முன்பக்கம் அவன் வலது காலைச் சைக்கிளோடு சேர்த்து நசுக்கியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

நான் ஓடிப்போனபோது அண்ணாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாகனத்தை ஓட்டியவர் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற காற்சட்டையோடு நின்றார். கையில் போன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் கதவில் இருந்த கீறலை. இதை நான் மிகைப்படுத்தவில்லை. அண்ணா போய்விட்ட பிறகும் அவர் விரலால் அந்தக் கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளநீர் விற்கிறவர் என்னிடம் வந்து, "ப்ரேக் எக கெஹுவா நங்கி, மங் தெக்கா" என்றார். பிரேக் பிடித்தார் தங்கச்சி, நான் கண்டேன். வீதியில் கறுப்பாக நேர்க்கோட்டில் டயர் அடையாளமும் இருந்தது. நான் போனில் படம் எடுத்தேன்.

பொலிஸ் வந்தது. வாகனக்காரரோடு ஒரு அதிகாரி கொஞ்சம் தள்ளி நின்று கதைத்தார். வாகனக்காரர் யாரோ பெரிய இடத்து மருமகன் என்று பிறகு தெரிந்தது. இன்னொரு அதிகாரி விழுந்து கிடந்த சைக்கிளைச் சுற்றி வந்தார். முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். காலை வெயிலில் அந்தத் துண்டு ஒன்றுதான் மினுங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டி, "மேக மொகக்த?" என்று கேட்டார். இது என்ன?

நான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த முட்டாள்தனத்தை என்ன செய்வது!

சைக்கிளைப் பரிசோதித்தவர் அறிக்கையில் ஒரு வரி எழுதினார். முன் பிரேக்கில் அனுமதியற்ற மாற்றம் செய்யப்பட்டுள்ளது. அவ்வளவுதான். பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் எழுதவில்லை. துண்டு உடைந்தது என்று எழுதவில்லை. ஏனென்றால் அது உடையவில்லை. சில்லு நெளிந்திருந்தது, முன்கால் வளைந்திருந்தது, துண்டு மட்டும் பூட்டிய இடத்தில் பூட்டியபடி இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நிற்காமல் திரும்பியவர் சாட்சியானார். கால் உடைந்து கிடந்தவன் வழக்கில் எதிரியானான். பாதுகாப்பற்ற வாகனத்தை ஓட்டியது, விபத்தைத் தவிர்க்கத் தவறியது என்று அண்ணாமேல் வழக்கு. எங்கள் காப்புறுதியும் கையை விரித்தது. சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, "தேவையில்லாத நோண்டல் வேலை. நான் அப்பவே நினைச்சனான்" என்றார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன். அம்மா என்னை இரண்டு நாள் ஏசினார்.

நான் வழக்குக்கு ஆயத்தமானேன். வரைபடங்கள், ஆறு சிவப்புத் துண்டுகள், டயர் அடையாளத்தின் படம், இளநீர்க்காரரின் பெயர் எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்தேன். எங்கள் சட்டத்தரணியும், "நிண்டு பார்க்கலாம்" என்றார். தேவராஜையும் கூப்பிடுவோம் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"அந்தப் பக்கம் போகாத. போனும் எடுக்காத" என்றான் அண்ணா.

"ஏன்?"

"சொன்னால் கேள்."

தேவராஜ் எனக்கு மூன்று தரம் போன் எடுத்தார். திரையில் அவர் பெயர் எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எடுக்கவில்லை. அண்ணாவுக்குக் காலில் கம்பி போட்டிருந்த நேரம், அவனோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் ஒரேயொரு தரம் சொல்வழி கேட்டேன்.

வழக்கு நாள் வந்தது. அண்ணா இரண்டு கைத்தடியோடு கூண்டில் நின்றான். நான் பின்வரிசை வாங்கில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். குற்றச்சாட்டைச் சிங்களத்தில் வாசித்தார்கள். குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா? மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் சொல்லி முடிக்க முதலே அண்ணா, "வரதகரு" என்றான். குற்றவாளி.

சட்டத்தரணி திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அபராதம் விதித்தார்கள், கட்டினோம், முடிந்தது. பத்து நிமிடம்கூட இல்லை. காலுக்காக இனி யாரிடமும் நட்டஈடு கேட்க முடியாது. கறுப்பு வாகனக்காரர் வரவே இல்லை. அவருக்கு வரத் தேவையும் இருக்கவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் நான் கத்தினேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும் என்று கத்தினேன். "உங்களுக்கு வெக்கமில்லையா? செய்யாததைச் செய்தன் எண்டு சொல்லுறீங்கள்! நாங்கள் மூண்டு பேர் மினக்கெட்டுச் செய்தது அது!"

 பம்பலப்பிட்டி தாண்டிய பிறகுதான் அண்ணா சொன்னான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், நான் இல்லாத நேரம், ஒரு அதிகாரி வந்திருக்கிறார். துண்டின் படத்தைக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார்.

"டிஸ்க் எண்டதுக்கு D, சேர் எண்டு சொன்னனான்."

"பிறகு?"

"சிரிச்சார். செய்தவன்ட பேரைச் சொல், அவனையும் போட்டால் உனக்குக் குறையும் எண்டார். வழக்கை இழுத்தால் எப்பிடியும் பேர் வரும். அந்த மனுசனுக்கு அந்த அறைக்கு ஒரு பதிவு இல்லை, ஒரு கடதாசி இல்லை. தோட்டத்தில இருந்து வந்து தனிய நிக்கிற மனுசன். அவரை மாட்டிவிட்டிட்டு எனக்கு என்னத்துக்குக் கால்?"

 பெயர் கேட்கிறவர்களிடம் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்கு உரியவருக்கு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணா செய்தது பெரிய காரியம் என்றே அன்றைக்கு நினைத்தேன். என் கோபம் முழுவதும் அந்த அதிகாரிமேலும் கறுப்பு வாகனத்தின்மேலும் போனது. அது ஒரு வசதியான கோபம்.

விபத்து நடந்து ஐந்து மாதம் கழித்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து, அண்ணாவுக்குச் சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றி கேட்கத்தான் போனேன். எங்கள் அண்ணா உங்களுக்காக என்ன செய்தார் தெரியுமா என்று சொல்ல ஆசை.

தேவராஜ் என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்தினார். மெலிந்திருந்தார். "வாங்க மிஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எந்த எடத்துல ஒடைஞ்சிச்சு?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "எது?"

"துண்டு. மூலையிலயா, துளையிலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சகக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: சேருக்கு அடிபட்டுவிட்டது, பிரேக் சரியில்லையாம், கோட்டில் சேரே ஒத்துக்கொண்டாராம். போன் எடுத்தால் நாங்கள் எடுப்பதில்லை. மாதாமாதம் வந்தவர்கள் வருவதில்லை. அந்த மனிதர் வேறென்ன நினைப்பார்?

"உடையேல்லை" என்றேன். "ஒண்டும் உடையேல்லை. அது பிடிச்சது. அதாலதான் அண்ணா உயிரோட இருக்கிறார்."

அவர் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொண்டாந்து காட்டுங்க" என்றார். பொலிஸ் விட்ட சைக்கிள் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து, துண்டைக் கழற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்பப் போனேன். தேவராஜ் அதைத் துணியால் துடைத்து, வேணியர் அளவுகோல் வைத்து ஒவ்வொரு துளையாக அளந்தார். ஒருதரம் அளந்துவிட்டு முதலிலிருந்து திரும்ப அளந்தார். கண்ணாடித் தகட்டில் வைத்து அடியில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். வளையவில்லை, நகரவில்லை, ஒரு மயிரளவு வெடிப்பு இல்லை. மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

நான் அண்ணா சொன்னதையெல்லாம் சொன்னேன். D என்பதற்கு டிஸ்க் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் மாட்டிக்கிருவேன்னு யாரு சொன்னா?" என்றார். சத்தம் மெதுவாகத்தான் இருந்தது. "என் பேர மறைக்கச் சொல்லி நான் கேட்டேனா மிஸ்? பேரு தெரியணும்னுதானே அதுல போட்டேன். கோட்டுல கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். இத மேசையில வச்சு, அளந்து பாருங்கய்யான்னு சொல்லியிருப்பேன். உள்ள போட்டிருந்தா போட்டிருக்கட்டும். தோட்டத்து ஆளு, பயந்துருவான், பாவம், நாமதான் காப்பாத்தணும். அப்படித்தானே நெனச்சீங்க?"

 அப்படித்தான் நினைத்தோம். அண்ணா அப்படி நினைத்தான். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன்.

"அஞ்சு மாசமா நான் ஒரு பிரேக் வேல தொடல. வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டேன். துளை போடறப்ப கை நடுங்குது மிஸ். ஒரு போன் எடுத்து, ஒடையலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அண்ணாவிடம் சொன்னேன். அன்றைக்கு நான் கத்தவில்லை. அண்ணா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவன் பேனையை மூடி வைத்தான். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணா போனான். நானும் கூடப் போனேன். ஒழுங்கைக்குள் ஓட்டோ போகாததால் முனையில் இறங்கி, கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்தான். தேவராஜ் ஒரு கதிரையைத் துடைத்து வைத்தார். அண்ணா இருக்கவில்லை.

"நான் உம்மைக் கேட்டிருக்க வேணும்" என்றான்.

"ஆமாங்க சேர்" என்றார் தேவராஜ். "கேட்டிருக்கணும்."

பிறகு அண்ணாவின் காலைப் பற்றி விசாரித்தார். எந்த இடத்தில் கம்பி, எத்தனை திருகாணி என்று கேட்டார். தேநீர் வாங்கித் தந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்பு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லுவார், வாயை மூடச் சொல்லுவார், அண்ணாவின் கணக்கைக் கிண்டல் பண்ணுவார். அன்றைக்கு வாடிக்கையாளர்களோடு கதைப்பது மாதிரிக் கதைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டோ மூன்றோ தரம்தான் போனோம். பிறகு மெஷினை விற்றுவிட்டு, ஆட்கள் கூட்டங்கூட்டமாக வெளியே போன அந்த வருடத்தில், அவரும் போய்விட்டார். ருமேனியாவில் ஒரு தொழிற்சாலை என்று அச்சகக்காரர் சொன்னார். அந்த அறை இப்போது பார்சல் வாங்கி அனுப்புகிற இடம். இறக்குமதி திறந்துவிட்டார்கள். அண்ணாவின் சைக்கிளுக்குரிய கலிப்பர் இப்போது எந்தக் கடையிலும் பெட்டியோடு தொங்குகிறது. சைக்கிளை விற்றுவிட்டோம். அண்ணாவின் வலது கால் கொஞ்சம் கட்டை; கொட்டாஞ்சேனை வகுப்பை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஸூமில் படிப்பிக்கிறான். இளநீர்க்காரர் நின்ற இடத்தில் யாரும் இல்லை. கறுப்பு வாகனத்தை மட்டும் இடைக்கிடை காண்கிறேன். கதவுக்குப் புதுப் பெயின்ட்.

அன்றைக்குக் காப்புறுதி அலுவலகத்தில் நடந்ததை இரவுச் சாப்பாட்டில் அண்ணாவிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை பாவம் என்றான். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், "தேவராஜின்ட வெளிநாட்டு நம்பர் உன்னட்ட இருக்கோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"அவர் போகேக்க நீ கேக்கேல்லையா?"

"நீங்கள் கேட்டிருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றேன்.